ஏரோது ராஜாவின் நாற்காலி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் திடலில் போட்ட கொட்டகையில், ஏரோது ராஜாவுக்கென்று வைத்திருந்த நாற்காலியில் ஜப்பான் கேப்டன் போய் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவருடைய மோட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கான நாற்காலிகள் பள்ளிக்கூடத்திலிருந்து கைவண்டியில் வந்துகொண்டிருந்தன. மூன்று பக்கமும் பாயில் ஜனங்கள், நாலாவது பக்கம் சாக்குத் திரை, நடுவில் மணல் பரப்பிய ஆடுமிடம். திரைக்கு முன்னால் சிவப்புத் துணி போர்த்திய ஒரே ஒரு நாற்காலி, சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் இரவல் வாங்கியது, கைப்பிடியில் சிங்கமுகம். கேப்டன் சுற்றிப் பார்த்தார், நேரே நடந்தார், உட்கார்ந்தார், வாளை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார். ஜனங்கள் எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கி மறுபடி உட்கார்ந்தார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்துபோயிற்று. அந்த நாற்காலி ஏரோதுக்கு என்று எவன் போய்ச் சொல்வான்?

திரையின் கிழிசல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் இன்னாசி. ரயில்வே பதிவில் அவன் பெயர் இக்னேஷியஸ், கூப்பிடுவது இன்னாசி. கூட்ஸ் வண்டிகளின் பலகையில் நம்பர் எழுதுகிற பெயிண்டர். நாடகத்தில் கட்டியக்காரன்.

அது மூன்று ராஜாக்கள் நாடகம், பிறந்த தேவபாலனைத் தேடி மூன்று ராஜாக்கள் வருவதும், ஏரோது கைக்குழந்தைகளைக் கொல்லச் சொல்வதும்தான் கதை. வழக்கமாக ஜனவரித் திருநாளோடு நடக்கும். அந்த 1943ஆம் வருஷம் பெர்மிட் கிடைக்க ஜூன் மாதமாகிவிட்டது. நாடக ஏட்டை முழுக்க எழுதிக் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கி வந்திருந்தார்கள். ஆனால் கட்டியக்காரனின் பேச்சு எந்த ஏட்டிலும் கிடையாது. எழுதக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஏரோது வருமுன் கட்டியக்காரன் வந்து, காலி நாற்காலியைப் பார்த்து, ராஜாவின் பெருமைகளை அடுக்கிச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் ராஜா வருவார். அந்தப் பெருமைகள் அந்தந்த வருஷத்து அநியாயங்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சூப்பரின்டெண்ட் துரை முன்வரிசையில் இருக்க, கூலிக்காரன் வீட்டுச் சோற்றைவிடத் துரை வீட்டு நாயின் சோறு பெரியது என்பதை ஏரோதின் கருணையாக இன்னாசி பாடியிருக்கிறான். துரை ஒன்றும் புரியாமல் கைதட்டிவிட்டுப் போனார். புரிந்திருந்தாலும் கோபித்துக்கொள்ள வழியில்லை. சொன்னதெல்லாம் நாற்காலியைப் பார்த்து, அதில் ஆள் இல்லை. நாற்காலி காலியாக இருப்பதில்தான் கட்டியக்காரனின் தைரியமெல்லாம் இருந்தது.

“என்ன மச்சான் இது, என் நாற்காலில அவன் குந்தியிருக்கான்?” என்றான் பின்னால் நின்ற வாலண்டைன். தலையில் தகரக் கிரீடம், கன்னத்தில் ஒட்டுத்தாடி. அவன்தான் ஏரோது. இன்னாசியின் தங்கை பெர்னடெட்டின் புருஷன். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பிட்டர்.

“சத்தம் போடாத மாப்ள.”

“நான் வந்து எங்க ஒக்கார்றது? அவன் மடியிலயா?”

சிரிப்பு வரவில்லை இன்னாசிக்கு. ஜப்பான்காரர்கள் சயாமில் போடுகிற ரயில் பாதை வேலைக்கு அடுத்துப் போகிறவர்களின் பெயர்களோடு வாலண்டைனின் பெயரும் வந்திருந்தது. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி முதலில் அனுப்பியவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்த நாடகத்தைக் கேப்டன் பார்க்க ஏற்பாடு செய்தவர் ஆபீஸில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வேலாயுதம். ஜப்பான்காரர்கள் அவரைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக வைத்திருந்தார்கள். “கேப்டன் சந்தோஷமா எழுந்தாருன்னா, அன்னிக்கே வாலண்டைன் பேர எடுக்கச் சொல்லிக் கேக்குறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வேலாயுதம் இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தார்.

“ஏன்டா இன்னாசி, தயாரா? ஆரம்பி லா.”

“ஐயா, அது ஏரோது நாற்காலி.”

“தெரியும்டா. போய் எழுப்பட்டுமா?”

“கட்டியம் அந்த நாற்காலியப் பாத்துத்தான் சொல்லணும்.”

“அப்ப சொல்லாத. நேரா ராஜாவ அனுப்பு.”

“கூப்பிடாம ராஜா வரக்கூடாது ஐயா. அப்புறம் அது நாடகமே இல்ல. சனமும் ஒத்துக்காது.”

வேலாயுதம் யோசித்தார். “கட்டியம்னா என்ன, புகழ்ச்சிதானே?”

“வார்த்தையப் பாத்தா புகழ்ச்சிதான்.”

“அப்ப புகழு! நல்லாப் புகழு! எவன் வேணாம்னான்?” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கேப்டனின் பின்னால் கைகட்டி நின்றுகொண்டார்.

இன்னாசி முகத்துச் சுண்ணாம்பைச் சரிபார்த்து, கூம்புக் குல்லாயை மாட்டி, சலங்கைக் கோலோடு வெளியே வந்தான். ஆடுமிடத்தை ஒரு சுற்று சுற்றி நாற்காலிக்கு எதிரே நின்றான். முதுகுப் பக்கம் ஜனங்கள். முகத்துக்கு நேரே கேப்டன். அவர் காலடியில் தரையில் அப்துல் ஜலீல். பாத்து ரோடு கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். யுத்தத்துக்கு முன் ஒரு ஜப்பான்காரர் கடையில் வேலை பார்த்ததால் அந்தப் பாஷை கொஞ்சம் வரும். அந்தப் பாவத்துக்கு இப்போது மொழிபெயர்ப்பாளர்.

பொதுவான புகழ்ச்சியை மட்டும் சொல்லி ஓடிவிடுவது என்றுதான் இன்னாசி தீர்மானித்திருந்தான். சூரியனைப் போன்றவர், சிங்கத்தைப் போன்றவர் என்று ஆரம்பித்தான். முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் உப்பில்லாத கஞ்சி குடிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு கிழவர், “இதுக்கா வந்தோம்?” என்று முனகினார். அந்த முனகல் இன்னாசியை எங்கேயோ சுட்டது. அடுத்த அடி, அவன் கேட்காமலேயே அவன் வாய்க்கு வந்துவிட்டது.

“அரிசிச் சோறு தின்னு தின்னு அலுத்துப்போச்சு ராஜாவே, மரவள்ளிக் கிழங்கு குடுங்கன்னு நாங்க காலில் விழுந்து கேட்டோம்! மனசு எறங்கிக் குடுத்த மகராசன்!”

கொட்டகையின் ஒரு மூலையில் களுக்கென்று ஒரு சத்தம். அது பாய் பாயாகப் பரவியது. ஒன்றரை வருஷமாக அந்தத் திடலில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இன்னாசியின் காலில் சலங்கை இல்லை, ஆனால் கால் தானாகத் துள்ளியது. சொல்வதெல்லாம் புகழ்ச்சி, ஜலீல் பாயும் புகழ்ச்சியாகத்தானே சொல்லுவார் என்று ஒரு குருட்டுத் தைரியம்.

“கொழுத்துப்போய் நடக்க முடியாம கெடந்தோம்! எங்க சைக்கிள வாங்கி வச்சுக்கிட்டு, எலும்பு எண்ணுற அழகக் குடுத்த தருமப்பிரபு!”

“குனிஞ்சு கும்பிட்டா முதுகு வலி போகும்னு கண்டுபுடிச்ச வைத்தியர்! குனியாதவனுக்குக் கன்னத்துலயே மருந்து வைக்கிறவர்!”

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் தொடையில் அடித்தார்கள். வேலாயுதத்தின் முகம் வெளுத்துவிட்டது. இன்னாசி இதையெல்லாம் பார்த்தான், நிறுத்த வேண்டும் என்றும் நினைத்தான். அதற்குள் கடைசி அடியும் வெளியே வந்துவிட்டது.

“சயாமுக்கு அனுப்பினார்! மூணு மாசத்துல திரும்பலாம்னார்! போனவன் ஒருத்தன் திரும்பல! அவ்வளவு சுகம்! பெண்டாட்டி புள்ள நெனப்பே வராத சீமை!”

கேப்டன் கையைத் தூக்கினார்.

அவர் இன்னாசியைப் பார்க்கவில்லை. ஜனங்களைத்தான் ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏரோதின் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முகமும் தெரியும். குனிந்து ஜலீலிடம் ஏதோ கேட்டார். ஜலீல் இன்னாசியின் பக்கம் திரும்பினார்.

“இன்னாசி, கேப்டன் ஒண்ணு கேக்குறாரு. நீ சொன்னதெல்லாம் புகழ்ச்சின்னு நான் சொன்னேன். அரிசி, கிழங்கு, வைத்தியம், சயாம், எல்லாம் சொன்னேன். அப்ப சனம் ஏன் சிரிக்குதுன்னு கேக்குறாரு.”



“சந்தோஷத்துல சிரிக்கிறாங்கன்னு சொல்லுங்க பாய்!” என்றார் வேலாயுதம் அவசரமாக.

ஜலீல் சொன்னார். கேப்டன் தலையசைத்தார். நிதானமாக, கோபமில்லாமல், கொஞ்சம் நீளமாகவே பேசினார். ஜலீல் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“சந்தோஷம்னா நல்லதாம். ஆனா ஆட்சியப் புகழும்போது சிரிக்கிறது மரியாதை இல்லையாம். நீ மறுபடி முதல்லேர்ந்து சொல்லணுமாம், அதே மாதிரி. இந்தத் தடவை யாரும் சிரிக்கக் கூடாதாம்.”

துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கள் இருவர் கொட்டகைக் கம்புகளின் அருகே வந்து ஜனங்களைப் பார்த்து நின்றார்கள். புரிந்துதான் கேப்டன் அப்படிச் சொன்னாரா, புரியாமலா என்பது இன்னாசிக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

அவன் மறுபடி ஆரம்பித்தான். அரிசிச் சோறு அலுத்துப்போச்சு என்றான். யாரும் சிரிக்கவில்லை. தலைகள் குனிந்திருந்தன. காலில் விழுந்து கேட்டோம், மனசு இறங்கிக் கொடுத்தார் என்றான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் குரலை ஏற்றி இறக்க அவனால் முடியவில்லை. சைக்கிளுக்கு வந்தபோது குரலில் இருந்த கோணல் போய்விட்டது. வைத்தியருக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. வேலாயுதம் சங்கக் கூட்டங்களில் பேசுகிற பேச்சுக்கும் தன் பேச்சுக்கும் வித்தியாசமே இல்லை என்று அவன் காதிலேயே பட்டது. ஒரு சிரிப்புத்தான் நடுவில் நின்று இரண்டையும் பிரித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

“போனவன் ஒருத்தன் திரும்பல. அவ்வளவு சுகம்.”

முன்பாயில் இருந்த ஜோசஃபின் என்ற பெண் விம்மி அழுதாள். அவள் புருஷன் முதல் வண்டியில் போனவன். சிப்பாய் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் விட்டுவிடு என்று கையசைத்தார். சிரிக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்.

முடிந்ததும் கேப்டன் எழுந்து நின்று கைதட்டினார். ஜனங்களும் கைதட்டினார்கள். ஏரோதை அன்று யாரும் கூப்பிடவில்லை. மோட்டார் போன பிறகு, திரைக்குப் பின்னால் மூன்று ராஜாக்களும் தாடியைக் கழற்றினார்கள்.

வேலாயுதம் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

“தப்பிச்சடா இன்னாசி. கேப்டனுக்கு ரொம்ப சந்தோஷம். வாலண்டைன் பேர எடுத்தாச்சு.”

வாலண்டைன் கிரீடத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எடுத்தாச்சுன்னா,” என்றார் வேலாயுதம், குரலைத் தணித்து, “நிறுத்தி வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமைல கிள்ளான் ஸ்டேஷனுக்கு எஸ்டேட்டு சனத்த லோரில கொண்டு வர்றாங்க இல்ல? வண்டி ஏற மாட்டேன்னு அழுகை, ஓட்டம், ஒரே ரகளை. நீ இதே வேஷத்துல வந்து இதே கட்டியத்த அங்க சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை கொறைக்காத. கேப்டன் கேட்டது இதுதான். நீ ஞாயிறு தவறாம வர்ற வரைக்கும் ஒன் மாப்ள இங்க இருப்பான்.”

“வரலேன்னா?”

“என்னைய ஏன்டா கேக்குற? நான் போட்ட சட்டமா?”

வீட்டில் பெர்னடெட் கிழங்கை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் உரிந்த தோலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“நான் போயிடறேன் மச்சான்,” என்றான் வாலண்டைன். “இதுக்கு நீ போயி அந்த வேலை பாக்க வேணாம்.”

“போங்க,” என்றாள் பெர்னடெட், கத்தியை வைக்காமல். “மகராசனாப் போங்க. இதுங்க ரெண்டையும் கையோட கூட்டிட்டுப் போங்க. நான் தனியாக் கெடந்து சாவுறேன்.” பிறகு இன்னாசியின் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ யாரையும் ஏறுன்னு சொல்லப் போறியா? இல்லையே. ஏத்துறவன் ஏத்தத்தான் போறான், நீ போனாலும் ஏத்துவான், போகாட்டியும் ஏத்துவான். நீ வருசா வருசம் சொல்ற கட்டியந்தானே?”

“அது நாற்காலியப் பாத்துச் சொல்றது பெர்னா.”

“இப்ப மனுசரப் பாத்துச் சொல்லு.”

வாலண்டைன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவனுக்கும் போக மனமில்லை என்பது இன்னாசிக்குத் தெரிந்தது. போகிறேன் என்று அவன் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னாசி கிள்ளானுக்குப் போனான். ஒரு நம்பிக்கை இருந்தது. எஸ்டேட்டு ஜனங்கள் கூத்துப் பார்த்தவர்கள், குத்தலைப் புரிந்துகொள்வார்கள், ஒரு ஆள் சிரித்தால் போதும், மற்றவர்களுக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தான். ஆனால் அங்கே ஏரோதும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவர்கள் கண்ணுக்கு இன்னாசி வெள்ளை முகமும் குல்லாயுமாக ஒரு சர்க்கார் ஆள், பக்கத்தில் சங்கத் தலைவர், சிப்பாய்கள். பசித்து வந்த ஜனம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. நடுவயது ஆள் ஒருவன் மட்டும் கிழங்கு அடிக்குச் சிரித்தான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தான். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் யாரும் சிரிக்கவில்லை. வண்டி ஏறும்போது அழுகை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வேலாயுதம் சொன்னார். அது உண்மைதான் என்று இன்னாசிக்கும் தெரிந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு. தெலுக் பங்லிமா காராங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து லோரி வந்திருந்தது. கட்டியம் முடிந்து, ஜனங்களைக் கூட்ஸ் வண்டிகளின் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இளவட்டம் ஒருவன் வரிசையை விட்டு விலகி இன்னாசியிடம் வந்தான். பின்னால் அவன் மனைவி, இடுப்பில் துணி சுற்றிய கைக்குழந்தை.

“அண்ணே, என் பேரு சின்னையா. ஒரு யோசனை கேக்கணும். வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போலாம், குடும்பத்துக்குத் தனி வீடு உண்டுன்னு சொல்றாங்க. கூட்டிட்டுப் போகட்டுமா? இல்ல, எங்க மாமியா வீட்ல விட்டுட்டுப் போகட்டுமா?”

இன்னாசி அந்தப் பெண்ணைப் பார்த்தான். பதினெட்டு வயது இருக்கும். குழந்தை மழைக் குளிருக்கு அவள் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது.

“விட்டுட்டுப் போங்க தம்பி,” என்றான், உதடு அசையாமல்.

“ஏன் அண்ணே?” சின்னையாவுக்குக் குரலைத் தணிக்கத் தோன்றவில்லை. “அங்க சுகம்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க? போனவன் திரும்பவே நெனக்க மாட்டான்னு?”

வண்டிப் பக்கம் நின்ற வேலாயுதம் திரும்பினார். குடையை மடக்கிக்கொண்டு, சேற்றில் கால் பதியாத இடமாகப் பார்த்து நடந்து வந்தார்.

“என்ன இன்னாசி, தம்பிக்கு என்னவாம்?”

“ஒண்ணுமில்ல ஐயா. வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போலாமான்னு கேக்குறாரு.”

“நீ என்ன சொன்ன?”

சின்னையா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரத்துக்கு வாலண்டைன் பிரிக்ஃபீல்ட்ஸில் பூசை முடிந்து வந்து, வீட்டு வாசலில் பிள்ளைகளுக்கு மரத்துண்டில் வண்டி செதுக்கிக்கொண்டிருப்பான். ஞாயிறுதோறும் இன்னாசி திரும்பி வருவதற்குள் ஏதாவது ஒன்று செய்து முடித்திருப்பான், இன்னாசியின் முகத்தைப் பார்க்காமல் அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பான்.

“கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன் ஐயா.”

வேலாயுதம் சின்னையாவைப் பார்த்துச் சிரித்தார். “பொறகென்ன தம்பி? அங்க போயி நீ தனியா சமைச்சுக்கிட்டா கெடப்ப?”

சின்னையா இன்னாசியை இன்னொரு முறை பார்த்தான். என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரியவர்கள் இரண்டு பேர் ஒரே பேச்சாகச் சொன்ன பிறகு கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

“அப்ப சரிண்ணே. நான் வேற சும்மா பயந்துட்டேன்.”

கூட்ஸ் வண்டியின் வாசல் நெஞ்சுயரத்தில் இருந்தது. சின்னையா மூட்டையை எறிந்துவிட்டுத் தாவி ஏறினான். உள்ளே இருந்து மனைவிக்குக் கை கொடுத்தான். அவளுக்கு ஒரு கை போதவில்லை. குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நின்ற இன்னாசியிடமே நீட்டினாள்.

இன்னாசி வாங்கிக்கொண்டான். குழந்தை எடையே இல்லாமல் இருந்தது. அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, ஒரு காலை இரும்புக் கொக்கியில் ஊன்றி, உந்தி ஏறினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலோரம் உட்கார்ந்தாள். பிறகு குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

இன்னாசி குழந்தையைத் தூக்கிக் கொடுத்தான்.